கல்லூரித் தேர்வு அறிக்கையும் ஆசிரியர் பெயர்களும்: ஒரு மேற்படிப்பு வழிகாட்டு மையத்தில் பெற்ற சேவை

நீலகிரியில் இயங்கும் ஒரு மேற்படிப்பு வழிகாட்டு மையத்தில் என் அண்ணன் மகளுக்காக இரண்டு சேவைகளைப் பெற்றோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் தயாரிக்க உதவுவது முதலாவது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் எந்தக் கல்லூரியைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம் என்று எழுத்து வடிவில் ஓர் அறிக்கை தருவது இரண்டாவது. இதற்குத் தனிக் கட்டணம். அவள் இப்போது முதலாண்டை முடித்துக்கொண்டு கோடை விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறாள். அந்த அறிக்கை பயன்பட்டதா என்பதை ஓராண்டுப் படிப்புக்குப் பிறகுதான் நேர்மையாகச் சொல்ல முடியும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் குறை கூறப்போவது ஓர் அறிக்கை எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்பதைத்தான். அங்கே உழைப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

முதல் சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை. பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகச் செல்கின்றன. மற்றப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை அவகாசம் இருக்க, ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15-ஆம் நாள் மாலை ஆறு மணியே கடைசி. நம் கடிகாரத்தில் அது இரவு பத்தரை. ஒரே ஆண்டில் இவ்விரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை மலையில் இறங்கும் நாட்களில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று மையத்தினர் பிடிவாதமாக இருந்தார்கள். அவளுடைய தன்விவரக் கட்டுரையைத் தாங்களே எழுதித் தராமல், அவள் எழுதியதை ஏழெட்டு முறை திருப்பிக் கொடுத்துத் திருத்த வைத்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு இடம் கிடைத்தாலும் ஸ்டெப் என்னும் கடினமான தேர்வில் கேட்கப்படும் தரத்தைப் பெற்றால்தான் அது உறுதியாகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, பழைய வினாத்தாள்களைப் பயிற்சி செய்ய வைத்ததும் அவர்கள்தான். கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புக்குக் கணிதம் நடத்தும் எனக்கே அந்த வினாக்களில் சில ஒரு வாரம் பிடித்தன.

இரண்டாவது சேவையான அறிக்கை பதினான்கு பக்கம் இருந்தது. மூன்று கல்லூரிகளை அது பரிந்துரைத்தது. மூன்றுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: அங்கே ஃபெல்லோ (கல்லூரியின் மூத்த கல்வி உறுப்பினர்) என்னும் பொறுப்பில் இருக்கும் கணிதப் பேராசிரியர்களின் பெயர்கள், அவர்கள் பெற்ற பதக்கங்கள், எழுதிய நூல்கள், படங்கள். எந்தக் கல்லூரியில் புகழ்பெற்றவர்கள் அதிகமோ அதற்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். அறிக்கையைக் கையில் கொடுத்த இளைஞர், "இந்தக் காலேஜ்ல சேர்ந்தா இவங்ககிட்டயே நேரடியாப் படிக்கலாம் சார்" என்று என் அண்ணனிடம் சொன்னார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி மகளைப் படிக்க வைத்தவர் அவர். உலகம் அறிந்த ஒருவரிடம் மகள் பாடம் கேட்பாள் என்ற சொல் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் உண்மையில்லை. அதற்கு வாங்கிய ஆறாயிரம் ரூபாயைவிட, அந்தச் சொல் ஏற்படுத்திய தவறான எதிர்பார்ப்பே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 29 இளநிலை மாணவர்களைச் சேர்க்கின்றன. நம் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி என்றால், பாடம் நடத்துவது முழுவதும் அந்தக் கல்லூரியின் வேலை. பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் தரும். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் தொடங்கியதிலிருந்து நம் மாவட்டப் பிள்ளைகளுக்குப் பழக்கமான முறை இது. கேம்பிரிட்ஜில் ஏற்பாடு வேறு. விரிவுரைகளைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையே நடத்துகிறது. எந்தக் கல்லூரி மாணவராக இருந்தாலும் ஒரே அரங்கில், ஒரே ஆசிரியரிடம், ஒரே விரிவுரையைக் கேட்கிறார்கள். தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. கல்லூரியின் கையில் இருப்பவை சேர்க்கை, தங்குமிடம், உணவு, மாணவரின் நலம், இவற்றோடு சூப்பர்விஷன் என்று அவர்கள் அழைக்கும் சிறு வகுப்பு.

அந்தச் சிறு வகுப்பை வைத்துத்தான் மையத்தார் பெயர்ப்பட்டியலை நியாயப்படுத்தினார்கள். அதனால் அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதலாண்டுக் கணிதத்தில் ஒரு முழுப் பாடத்துக்கு 24 விரிவுரைகள். அதற்கு வழக்கமாக நான்கு பயிற்சித் தாள்கள். மாணவர் ஒரு தாளின் கணக்குகளைப் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிட, பெரும்பாலும் இரண்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரோடு ஒரு மணி நேரம் அமர்ந்து, எங்கே தடுமாறினார்கள் என்று பார்க்கிறார்கள். இந்த வகுப்புகளை யார் எடுப்பது என்று ஏற்பாடு செய்பவர் ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ். அவர் தம் கல்லூரி ஃபெல்லோவையும் கேட்கலாம், வேறு கல்லூரிக்காரரையும் கேட்கலாம், முனைவர் பட்ட ஆய்வு மாணவரையும் கேட்கலாம். அறிக்கையில் படத்தோடு வந்த பெரும் பேராசிரியர்களுக்கோ, கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தாலும் இளநிலை மாணவர்களுக்குச் சூப்பர்விஷன் எடுக்கும் கடமை பொதுவாகக் கிடையாது. இளம் ஆய்வு ஃபெல்லோக்கள் சில ஆண்டுகளில் வேறு இடம் போய்விடுவார்கள். கற்பிக்கும் ஃபெல்லோக்களும் இடையிடையே ஆராய்ச்சி விடுப்பில் செல்வார்கள். கல்லூரியின் ஃபெல்லோ பட்டியலை அங்கே பாடம் நடத்துவோரின் பட்டியல் என்று படித்ததுதான் மையத்தார் செய்த அடிப்படைப் பிழை.

என் அண்ணன் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அறிக்கையின் முதல் கல்லூரியையே அவள் குறிப்பிட்டாள். டிசம்பரில் இணைய வழி நேர்காணல் நடந்தது. ஜனவரியில் அந்தக் கல்லூரி இடம் தரவில்லை. ஆனால் தகுதியான விண்ணப்பங்களைப் பிற கல்லூரிகளும் பார்க்கும்படி வைக்கும் தொகுப்பு முறை ஒன்று அங்கே உண்டு. அதன் வழியாக, பெயரைக்கூட அவள் சரியாக அறிந்திராத வேறொரு கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. இப்படி இடம் பெறுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியையும் குறிப்பிடாமல் விண்ணப்பித்து, ஒதுக்கப்படும் கல்லூரியில் சேரும் வழியும் இருக்கிறது. ஆக, யாருடைய பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் சேரும் கல்லூரி மாணவரின் கையில் முழுதாக இல்லை. பதினான்கு பக்கத்தில் ஒரு வரியிலும் இது சொல்லப்படவில்லை. ஜனவரியில் அந்தச் செய்தி வந்த இரவில் "தோத்துட்டேன் சித்தப்பா" என்று அவள் தொலைபேசியில் அழுததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். ஒரு நல்ல இடம் கிடைத்த செய்தியை அவள் தோல்வியாக எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்தவற்றை அவளே விடுமுறையில் உட்கார்ந்து எனக்கு விவரித்தாள். அறிக்கையில் படத்தோடு இருந்த பேராசிரியர்களில் ஒருவர் முதலாண்டு விரிவுரை ஒன்றை நடத்தினார்; எந்தக் கல்லூரி என்ற வேறுபாடின்றி எல்லாரும் கேட்டார்கள், அவளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். இன்னொருவர் அந்த ஆண்டு முழுவதும் விடுப்பில் இருந்தார். அவளுக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆசிரியர் என்று அவள் சொல்வது, வேறு கல்லூரியைச் சேர்ந்த, ஆய்வுப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்த ஒருவரை. நிரூபணத்தில் ஒரு வரி எழுதினால், "இது ஏன்?" என்று பென்சிலால் அவர் போடும் சிறு கேள்விக்குறியைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசினாள். அவர் பெயர் எந்த அறிக்கையிலும் வரப்போவதில்லை.

ஆசிரியரை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த அனுபவம் எனக்கும் உண்டு. முதுநிலைக் கணிதத்துக்கு இரண்டு அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தபோது, பகுப்பாய்வு என்னும் கணிதப் பிரிவை நடத்தும் ஒரே ஒரு பேராசிரியருக்காக வீட்டுக்கு எட்டாத தொலைவில் இருந்த கல்லூரியில் சேர்ந்தேன். முதல் ஆண்டு அவரிடம் படித்தது இன்றைக்கும் என் வகுப்பறையில் பயன்படுகிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அவர் வேறு மாவட்டத்துக்கு இடமாறுதலில் போய்விட்டார். அரசுக் கல்லூரியில் அது இயல்பு. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் அந்த ஊரில், அந்த விடுதியில், அந்தச் சாப்பாட்டோடு இன்னும் ஓராண்டை நான் கழிக்க வேண்டியிருந்தது; சேரும்போது அவற்றில் எதையும் நான் விசாரித்திருக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதே நிலைதான். கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி என்று ஒரே பட்டத்தைப் பல உறுப்புக் கல்லூரிகளில் படிக்கலாம். கலந்தாய்வில் மாணவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அங்குள்ள ஆசிரியர்கள் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கோ, ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களுக்கோ மாற்றப்படக்கூடியவர்கள். நான்கு ஆண்டுப் படிப்பை ஒருவர் பெயரில் கட்டி வைக்க முடியாது.

கேம்பிரிட்ஜ் என்றதும் நம் வீடுகளில் ராமானுஜன் பெயர் வராமல் இருப்பதில்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலும் அவர் படம் இருந்தது: ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்காக அவர் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார், நீங்களும் அப்படித் தேர்ந்தெடுங்கள் என்பது அதன் கருத்து. ராமானுஜன் ஹார்டிக்காகப் போனது உண்மை. முதலில் மறுத்தவர், 1914-இன் தொடக்கத்தில் விரிவுரையாற்றச் சென்னை வந்த டிரினிட்டி கல்லூரியின் கணிதவியலாளர் நெவில் நேரில் பேசியபோது இணங்கியிருந்தார். மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார். கல்லூரித் தேர்வில் ஆசிரியர்களின் செல்வாக்குக்கு இதைவிடப் பெரிய சான்று நம் வரலாற்றில் இல்லை. ஆனால் ராமானுஜன் போனது ஆராய்ச்சி செய்ய. ஹார்டியோடு நாள்தோறும் சேர்ந்து உழைக்கத்தான் போனார். 1916-இல் அவர் பெற்ற பட்டமும் ஆராய்ச்சிக்காகத் தரப்பட்டது. பின்னாளில், 1930-இல், வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அதே கல்லூரிக்கு இயற்பியலாளர் ஃபௌலரிடம் ஆய்வு செய்யப் போனதும் அவ்வாறே. இவர்களுக்கு ஆசிரியரே படிப்பு. முதலாண்டு இளநிலை மாணவிக்கு அந்த உவமை பொருந்தாது.

அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் அறிக்கையின் கருத்துக்கு எதிராகவும் அது பேசும். ராமானுஜன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. ஹார்டியின் இணையாளரான லிட்டில்வுட் படைப்பணிக்குப் போய்விட்டார். 1919-இல் ராமானுஜன் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் நெவில் கேம்பிரிட்ஜை விட்டு ரெடிங் நகருக்குப் போனார். ஹார்டி ஆக்ஸ்ஃபோர்டில் பதவி ஏற்றார், 1931-இல்தான் திரும்பினார். 1917-இல் இந்த மூவரின் பெயரைப் பார்த்து ஓர் இளநிலை மாணவர் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருந்தால், படித்து முடிப்பதற்குள் அவர் நம்பி வந்தவர்களில் எத்தனை பேர் அருகில் இருந்திருப்பார்கள்?

கல்லூரித் தேர்வில் ஆசிரியர்களைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். பேச வேண்டிய இடங்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் டுடோரியல் என்று அழைக்கப்படும் சிறு வகுப்புகளை, குறிப்பாக முதலாண்டில், சொந்தக் கல்லூரியின் ஆசிரியர்களே எடுப்பது அதிகம். மாணவரை நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. அங்கே ஒரு கல்லூரியில் நம் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பதில் பொருள் இருக்கிறது. ஒருவரே இருந்து அவர் விடுப்பில் போனால் என்ன ஏற்பாடு என்பதும் கேட்கத் தக்க கேள்வி. மாணவர் குறைவாகச் சேரும் சிறு பாடங்களில் இது இன்னும் முக்கியம். எல்லாக் கல்லூரிகளும் எல்லாப் பாடங்களுக்கும் ஆள் சேர்ப்பதில்லை. நம் மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜே.எஸ்.எஸ். உயர்கல்வி நிறுவனத்துக்கு மைசூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று என இரண்டு மருந்தியல் கல்லூரிகள் இருக்கின்றன. இளநிலைக்குச் சேரும் ஒருவர் குடும்பச் சூழலையும் செலவையும் பார்த்து இரண்டில் ஒன்றை முடிவு செய்யலாம். ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறவர், தாம் செய்ய விரும்பும் ஆய்வுக்கு வழிகாட்டி எங்கே இருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேள்வி ஒன்றே, படிப்பின் நிலை மாறும்போது விடையும் மாறுகிறது. மையத்தின் அறிக்கை எல்லாருக்கும் ஒரே விடையை எழுதிவிட்டது.

மாணவர் நேரில் போய்ப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கும்போது, இத்தகைய அறிக்கை உண்மையிலேயே தேவை. பெயர்கள் பிடித்துக்கொண்ட பக்கங்களில் வேறு என்ன இருந்திருக்கலாம் என்பதை இந்த ஓராண்டு எங்களுக்குக் காட்டியது. வெளிநாட்டு மாணவர்களிடம் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணம் என்று தனியாக ஒன்று வாங்குகிறார்கள். அது கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். அறை வாடகையும் அப்படியே. எங்கள் வீட்டு வரவு செலவில் இந்த வேறுபாடு சிறிதன்று. உதவித்தொகை பற்றி எந்தக் கல்லூரி என்ன செய்கிறது என்பதையும் நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். அங்கே ஒரு பருவத்தின் வகுப்புகள் எட்டு வாரம்தான். பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன, விடுமுறையிலும் தங்க விடும் கல்லூரிகளும் இருக்கின்றன. லண்டனில் மாமா வீடு உள்ள பிள்ளைக்கு இது ஒன்றுமில்லை. எங்கள் பெண் முதல் டிசம்பரில் இரண்டு பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். சமையலறையில் அடுப்பு இருக்கிறதா, ஒரு வட்டில் சோறு வடிக்க முடியுமா என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். மூன்று ஆண்டு அங்கே இருக்கப்போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது அற்பமில்லை. கணிதத் துறை இருக்கும் இடத்துக்கும் கல்லூரிக்கும் எவ்வளவு தொலைவு, தன்னோடு கணிதம் படிக்க அந்தக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு எத்தனை பேர் சேருகிறார்கள் என்பனவும் அவள் தினம் உணர்ந்த விஷயங்கள். பயிற்சித் தாளில் சிக்கிக்கொண்ட இரவுகளில் அவள் தட்டியது அடுத்த அறைக் கதவை.

இவை எல்லாவற்றையும் இந்த மாதம் மையத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவளையும் அழைத்துப் போயிருந்தேன். அவர்கள் வாதிடவில்லை, அறிக்கை தயாரிக்கும் இளைஞர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் சொன்னதை ஒன்றரை மணி நேரம் எழுதிக்கொண்டார். ஃபெல்லோ பட்டியலைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளிலிருந்து, அவரும் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் வேண்டாம் என்று விட்டார்.

எனவே நீலகிரியிலிருந்து இத்தகைய மையங்களுக்குப் போகும் பெற்றோருக்கு என் கருத்து இது. விண்ணப்பம், கட்டுரை, தேர்வுப் பயிற்சி ஆகியவற்றுக்கு இவர்களுடைய கட்டணம் நியாயமானது; தயங்காமல் போகலாம். கல்லூரித் தேர்வு அறிக்கைக்குத் தனியாகப் பணம் கேட்டால், முன்பு ஒருவருக்குத் தயாரித்த அறிக்கையைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் பேராசிரியர்களின் படங்கள் நிறைந்திருந்தால், அவர்களில் யார் முதலாண்டு மாணவருக்குச் சிறு வகுப்பு எடுக்கிறார், விண்ணப்பித்த கல்லூரி எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் கேளுங்கள். எங்களுக்கு அறிக்கை எழுதிய இளைஞர் புதிய படிவத்தின் வரைவைப் போன வாரம் எங்களுக்கு அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் தொகுப்பு முறையை விளக்கியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் கல்லூரிக் கட்டணமும் விடுமுறைத் தங்குமிடமும் வருகின்றன. ஆசிரியர்களுக்கு ஒரு பத்தி விட்டிருக்கிறார். அந்தப் பத்தியில் என்ன எழுதலாம் என்று அண்ணன் மகளைக் கேட்டிருக்கிறார். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.